உதவியாளர் அண்ணியார்

முதலில் கதவுக் கைப்பிடி. அடுத்து விளக்கு சுவிட்சுகள், டிவி ரிமோட், தொலைபேசி, குழாய்த் திருகுகள், கடைசியாகக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை. எந்த நாட்டு ஓட்டலாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இரண்டு விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அண்ணியார் அறையை ஒரு சுற்று வந்து முடிக்கிறவரை யாரும் எதையும் தொடக் கூடாது, எதன் மீதும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்த நாத்தனாருக்கு மட்டும் இரண்டாவது விதியில் விலக்கு உண்டு. "குட்டிம்மா, நீ அப்படியே நடுவுல நில்லு. எது மேலயும் இடிச்சுடாத" என்பார். சக்கர நாற்காலியில் இருப்பவளைப் போய் நில்லென்கிறோமே என்று அவருக்கும் உறைத்ததில்லை, குட்டியும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. நடுவில் நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

துடைத்து முடித்ததும் கதவுக்கு வெளியே 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைத் தொங்கவிடுவார். அறையைக் காலி செய்யும் நாள்வரை அது அங்கேயே தொங்கும். ஓட்டலின் துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே வந்தால் இருக்கிற சுத்தமும் போய்விடும் என்பது அவர் கட்சி. "அவங்க ஒரே துணியால எல்லாத்தையும் துடைப்பாங்க. எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா இதுலயே இருக்கேன்."

இருபத்திரண்டு வருடமாக அவர் இருப்பது ஒரு பல் மருத்துவமனையில். கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவின் பொறுப்பாளர். பிரிவு என்றால் அவரும் ஒரு மேசையும் ஒரு பெரிய பாத்திரமும்தான். நீராவியில் கிருமி கொல்லும் இயந்திரம் ஒன்றை டாக்டர் வாங்கி வைத்துப் பத்து வருடமாகிறது. அண்ணியாருக்கு அதன் மேல் நம்பிக்கை கிடையாது. கருவிகளை முதலில் தன் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடுவார். அப்புறம், டாக்டரின் மனம் நோகக் கூடாதே என்று, இயந்திரத்திலும் ஒருமுறை வைத்து எடுப்பார். "மெஷினுக்கு என்ன தெரியும்? பட்டனைத் தட்டினா ஓடும். அழுக்குன்னா என்னன்னு அதுக்குத் தெரியுமா?"

வீட்டிலும் இதே ஆட்சிதான். சாவி, சீப்பு, சில்லறைக் காசு எல்லாம் வாரம் ஒருமுறை வெந்நீரில் முழுகி எழுந்தாக வேண்டும். கணவரின் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை சட்டம் கோணிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. "தரமில்லாத சரக்கு. நாலு கொதி தாங்கல" என்று கடைக்காரர் தலையில் பழியைப் போட்டார். அந்தக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் குட்டி என்பதால் பழி வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்து அடங்கியது.

குட்டிக்கு வயது முப்பத்தேழு. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ஆளை நேரில் பார்ப்பவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். வாசலை அடைத்துக்கொண்டு வருகிற தோள்கள். பந்தய நாற்காலி என்பது நாம் மருத்துவமனையில் பார்க்கிற நாற்காலி அல்ல. முன்னால் நீண்ட மூக்கும் அதன் நுனியில் ஒரு சின்னச் சக்கரமும், பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் இரண்டு பெரிய சக்கரங்களும் கொண்டது. அதில் முழந்தாளிட்டுக் குனிந்து, சக்கரத்தோடு பொருத்திய வளையத்தை இரண்டு முஷ்டிகளாலும் குத்திக் குத்தி நூறு மீட்டரைப் பதினேழு நொடியில் கடப்பவள் குட்டி. பதினொரு வருடமாகச் சர்வதேசப் போட்டிகளுக்குப் போய்வருகிறாள். ஒருமுறைகூடத் தகுதிச் சுற்றைத் தாண்டியதில்லை. இந்தப் பயணத்துக்கு முன்பு விளையாட்டுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இம்முறையும் இறுதிப் போட்டிக்கு வரவில்லை என்றால் இளையவர்களுக்கு வழிவிட வேண்டியிருக்கும் என்று எழுதி, கீழே 'என்றும் அன்புடன்' என்று முடித்திருந்தார்கள்.

பெண் போட்டியாளர்களோடு குடும்பத்துப் பெண் ஒருவர் உதவியாளராக வந்தே தீர வேண்டும் என்பது அதே சங்கத்தின் விதி. உதவி தேவையா என்று கேட்கிற கட்டம் மட்டும் படிவத்தில் கிடையாது. குட்டியின் அம்மா காலமாகிவிட்டதால் அந்த இடம் அண்ணன் மனைவிக்கு வந்தது. ஒன்பது வருடம், ஆறு நாடுகள். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'உதவியாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை அண்ணியார் விமானத்தில் ஏறும்போது மாட்டினால் வீடு திரும்பி இரண்டு நாள் கழித்துத்தான் கழற்றுவார்.

அவர் செய்கிற உதவி என்னவென்று பார்க்கலாம். பல் மருத்துவமனைக்கு அண்ணியாரைத் தினமும் காரில் கொண்டுபோய் விடுவது குட்டி. கைகளாலேயே ஓட்டுகிற மாதிரி மாற்றியமைத்த கார் அது. அண்ணியாருக்கு ஸ்டியரிங்கைக் கண்டாலே உள்ளங்கை வியர்க்கும். விமான நிலையத்தில் படிவம் நிரப்புவது குட்டி, வழி கேட்பது குட்டி, பெட்டிகளை மடியில் ஏற்றிக்கொள்வதும் குட்டிதான். அண்ணியாரின் பெட்டியில் அவருடைய சொந்த மின்சார வெந்நீர்ப் பாத்திரம் இருப்பதால் கனம் கொஞ்சம் கூடுதல். ஆனால் கவுன்டரில் இருக்கிறவர்கள் குட்டியின் தலைக்கு மேலாகப் பார்த்து, "அவங்களுக்கு ஜன்னல் பக்கம் வேணுமா?" என்று அண்ணியாரைத்தான் கேட்பார்கள். அண்ணியாரும் சளைக்காமல், "வேணாங்க, அவளுக்கு ஜன்னல் ஒத்துக்காது" என்று பதில் சொல்லிவிட்டு அந்த ஜன்னலில் தான் உட்கார்ந்துகொள்வார்.

போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்காமலே பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று குட்டி தன் நாற்காலியின் பின்பக்கக் கைப்பிடிகளை அறுத்தெறிந்து பல காலமாகிறது. அண்ணியார் அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. கேமராவைக் கண்டதும் நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்து, தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வார். இதுவரை வந்த எல்லாப் பத்திரிகைப் படங்களிலும் குட்டி ஏதோ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணியார் நேராக நம்மைப் பார்க்கிறார்.

நிருபர்களும் அவரிடம்தான் வருவார்கள். குட்டியிடம் கேட்டால் சக்கரத்தின் காற்றழுத்தம், காற்றடிக்கும் திசை என்று பேசுவாள். அது எந்தப் பத்திரிகைக்கு வேண்டும்? அண்ணியாரிடம் கேட்டால் கண் கலங்கும். "ஒன்பது வருஷமா எனக்குன்னு ஒரு வாழ்க்கை இல்லைங்க. அவ சிரிச்சா நான் சிரிப்பேன், அவ அழுதா நான் அழுவேன். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுத் தள்ளுறா தெரியுமா? எனக்குப் பாக்கவே மனசு தாங்காது." இதில் கடைசி வரி மட்டும் சத்தியம். அவர் பார்த்ததே இல்லை. ஓட்டம் தொடங்கும் வெடிச்சத்தம் கேட்பதற்கு முன்பே கண்களை இறுக மூடிக்கொள்வார். கூட்டத்தின் கூச்சல் அடங்கியதும் பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, "முடிஞ்சுதா?" என்பார். ஒன்பது வருடத்தில் குட்டி ஓடிய ஒரு நூறு மீட்டரைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. ஓட்டல்களில் கொடுத்த சோப்புகள் மட்டும் நாற்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன, பிரிக்காமல், நாடு வாரியாக.

இருவருக்கும் நடுவில் தீராத வழக்கு ஒன்று உண்டென்றால் அது கையுறைகள்தான்.

பந்தயக் கையுறையில் துணியும் கிடையாது, தோலும் கிடையாது. அரிசி மணி போன்ற ஒருவகை வெள்ளைப் பிளாஸ்டிக்கைச் சுடுநீரில் போட்டு இளக்கி, முஷ்டியைச் சுற்றி அப்பி, ஆறும்வரை பிடித்திருந்தால் கல்லாக இறுகும். வளையத்தில் குத்துகிற இடத்தில் ரப்பர் ஒட்ட வேண்டும். கடையில் வாங்கினால் யார் கைக்கோ செய்ததுதான் கிடைக்கும். குட்டி தன் கையுறைகளைத் தானே செய்தாள். கார் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து நாலு மாதம் அரத்தால் ராவி, ஓட்டிப் பார்த்து, மறுபடி ராவினாள். லென்ஸ் தேய்க்கிற கை என்பதால் தலைமுடி அளவு பிசகினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் மேல் பிடிமானத்துக்குப் பிசின் தடவுவாள். பிசினும் ரப்பர்க் கரியும் வியர்வையும் கூடி அந்தக் கையுறைகளுக்கு ஒரு நிறமும் ஒரு வாடையும் வந்து சேர்ந்திருந்தன. அண்ணியார் அவற்றைத் தாண்டிப் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

"ஒரே ஒரு தடவை குடு குட்டிம்மா. நான் சுத்தம் பண்ணித் தரேன்."

"தொடாதீங்க அண்ணி."

"எலி செத்த மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். தொடாதீங்க."

ஏன் தொடக் கூடாது என்று குட்டி சொன்னதில்லை. சொன்னால் கிருமிகளைப் பற்றி அரை மணி நேரம் கேட்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டாள். அது அவள் செய்த தப்பு.

அன்று காலை தகுதிச் சுற்று. அண்ணியார் வழக்கம்போலக் கண்ணை மூடி, வழக்கம்போல "முடிஞ்சுதா?" என்று கேட்டார். இந்த முறை பதில் வர நேரமாயிற்று. மூன்று பிரிவுகளாக ஓடியவர்களின் நேரங்களையும் ஒப்பிட்டுப் பெரிய பலகையில் எட்டுப் பெயர்கள் எரிந்தபோது எட்டாவதாகக் குட்டியின் பெயர் இருந்தது. ஒன்பதாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் நொடியில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். மாலை நாலே முக்காலுக்கு இறுதிப் போட்டி. பதினொரு வருடத்தில் முதல் தடவை, வயதைப் பார்த்தால் கடைசித் தடவையாகவும் இருக்கலாம். குட்டி பேச முடியாமல் அண்ணியாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அண்ணியாரும் அழுதார். அழுகை உண்மையானது. அழுதபடியே அவள் கை தன் உடையில் எங்கெங்கே கறை படுத்தியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டதும் உண்மைதான்.

அறைக்குத் திரும்பியதும் குட்டி கையுறைகளை ஜன்னலோரம் காய வைத்துவிட்டுத் தோள்களைப் பிடித்துவிட்டுக்கொள்ளப் போனாள். கீழ்த்தளத்தில் அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள்.

அண்ணியார் தனியாக இருந்தார். ஜன்னலோரம் கையுறைகளும் இருந்தன. அவர் யோசித்தது இப்படித்தான். இதுவரை ஓடிய ஓட்டத்தை யாரும் காட்டவில்லை, யாரும் பார்க்கவில்லை. இறுதிப் போட்டி அப்படியா? உலகமெல்லாம் காட்டுவார்கள். கையைப் பெரிதாக, பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். இதைப் பார்க்கிற நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கூடவே ஒரு பொம்பளை போயிருக்கிறாளே, இதைக்கூடக் கவனிக்க மாட்டாளா என்று கேட்க மாட்டார்களா?

பெட்டியிலிருந்து பாத்திரத்தை எடுத்தார். தண்ணீரை நிரப்பிப் பிளக்கைச் செருகினார். தளதளவென்று கொதித்ததும் இடுக்கியால் கையுறைகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். அரைகுறையாக எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை. பையைத் திறந்து மாற்று ஜோடியையும் தேடி எடுத்துச் சேர்த்தே போட்டார்.

ஐந்து நிமிடத்தில் எட்டிப் பார்த்தபோது அவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. வெள்ளையாக, அழுக்காக இருந்ததெல்லாம் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. இருபத்திரண்டு வருட அனுபவம் என்றால் சும்மாவா? இன்னும் ஐந்து நிமிடம் விட்டார். அப்புறம் இடுக்கியை விட்டு ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்கினார்.

நாலும் ஒன்றாக வந்தன.

அண்ணியார் அதை மறுபடி தண்ணீருக்குள் விட்டார். சற்றுப் பொறுத்து, இம்முறை நல்லவிதமாக வரும் என்பதுபோல, மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். பிசைந்த மாவு போல ஒரே உருண்டை. ரப்பர்த் துண்டுகள் அதன் மடிப்புகளில் சிக்கிக் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. அவர் பாத்திரத்தை மூடினார். கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்து போய்க் கதவுக் கைப்பிடியைத் துடைத்தார்.

குட்டி வந்தபோது மணி ஒன்றே முக்கால். வந்ததும் ஜன்னலைத்தான் பார்த்தாள்.

"அண்ணி, கிளவுஸ் எங்க?"

"அது வந்தும்மா... ரூம் சுத்தம் பண்ற பொண்ணு வந்தா. நான் குளிச்சிட்டிருந்தேன். வெளிய வந்து பாத்தா..."

"அண்ணி, கதவுல அட்டை தொங்குது."

அண்ணியார் கதவைப் பார்த்தார்.

"நீங்க தொங்கவிட்டதுதான். நாலு நாளா யாரும் உள்ள வரல." குட்டி காற்றை முகர்ந்து பார்த்தாள். "பாத்திரத்துல என்ன?"

"நாத்தம் அடிச்சுதும்மா. டிவில எல்லாம் வருமேன்னுதான்... நல்லதுக்குத்தான் பண்ணேன்."

குட்டி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து மூடியைத் திறந்தாள். ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் அண்ணியார் சமாளித்திருப்பார். கத்துகிறவர்களுக்குச் சொல்ல அவரிடம் பதில் உண்டு. அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருப்பார். இவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியாருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பழைய பாட்டையே எடுத்தார்.

"ஒன்பது வருஷமா நான் உனக்காக..."

"அதை அப்புறம் சொல்லுங்க. பஸ் எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்கு."

"தண்ணி ஆறிடுச்சு. வெந்நீர் வைங்க."

"எதுக்கும்மா?"

"இளகினதுதானே, மறுபடியும் இளகும். வைங்க."

அடுத்த ஒரு மணி நேரம் அந்த அறையில் அண்ணியார் அறியாத ஓர் ஒழுங்கு நடந்தது. பஞ்சு இல்லை, ஸ்பிரிட் இல்லை, வரிசை இல்லை. துண்டைத் தரையில் விரித்து அதன் மேல் உருண்டையைப் போட்டுக் குட்டி கத்தரிக்கோலால் நான்காக வெட்டினாள். மடிப்புகளுக்குள் விரலை விட்டு ரப்பரைப் பிய்த்தாள். எது வலது, எது இடது, எது பழையது, எது புதியது என்ற கணக்கெல்லாம் போயாயிற்று. இருந்ததில் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரே ஒரு ஜோடிதான் தேறும்.

ஒரு கைக்கு இன்னொரு கையால் அப்பிக்கொள்ளலாம். ஆனால் ஆறும்வரை கட்டைவிரலடியிலும் மணிக்கட்டிலும் ஒரே சீராக அழுத்திப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். வீட்டில் அதற்கு ஒரு மர அச்சு வைத்திருந்தாள். இங்கே அண்ணியார்தான் இருந்தார். அவர் பெட்டியிலிருந்து தன்னுடைய மஞ்சள் ரப்பர் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

"அதைக் கழட்டுங்க. ஒட்டிக்கும்."

"வெறும் கையாலயா?"

"வெறும் கையாலதான்."

பல் மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து அண்ணியார் அழுக்கான எதையும் வெறும் கையால் தொட்டதில்லை. தொட்டார். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, கொதிக்குதும்மா!"

"தெரியும். பிடிங்க. விட்டா கோணிடும்."

"எத்தனை நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும். எண்ணாதீங்க, அழுத்துங்க. அங்க இல்ல, கட்டைவிரலுக்குக் கீழ. இன்னும். இன்னும் அழுத்துங்க அண்ணி, நான் ஒண்ணும் உடைஞ்சு போக மாட்டேன்."

ஒன்பது வருடத்தில் குட்டி இப்படி அதட்டி அண்ணியார் கேட்டதில்லை. அவள் முஷ்டி எவ்வளவு பெரியது என்றும் இன்றுதான் தெரிந்தது. உள்ளங்கை காய்ப்புக் காய்த்துச் செருப்பின் அடிபோல இருந்தது. பிசின் அண்ணியாரின் நகக்கண்களுக்குள் ஏறியது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவர் மூச்சைப் பிடிக்கவில்லை, பிடித்தால் அழுத்த முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது. வெளியே அணியின் மேனேஜர். சங்கத்திலிருந்து அனுப்பப்பட்டவர். எந்தச் சமயத்திலும் நம்பிக்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் நகர மாட்டார்.

"உள்ள ரெடியா? இன்னிக்கு முக்கியமான நாள். மனசுதான் முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம்!"

"மேக்கப் போட்டுட்டிருக்கா!" என்று அண்ணியார் கத்தினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "அதுவும் முக்கியம்தான்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார். மத்ததெல்லாம் அண்ணியாரின் விரல்களுக்கு நடுவில் இறுகிக்கொண்டிருந்தது.

வலது கையுறை சரியாக வந்தது. இடதில் கட்டைவிரல் உட்காருகிற இடம் சற்று மேலே ஏறிவிட்டது. டயருக்கு ஒட்டுகிற பசையால் ரப்பரை ஒட்டி, ஓரங்களை அரத்தால் நாலு இழு இழுத்து, புதிதாகப் பிசின் தடவினாள் குட்டி. இடது கையை இரண்டு முறை தொடையில் குத்திப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"சரியா இல்லையாம்மா?" என்றார் அண்ணியார்.

"இல்ல. ஆனா போதும். மணி என்ன?"

மூன்றடிக்க ஐந்து நிமிடம். பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகுதான் அண்ணியார் கையைக் கழுவவில்லை என்பதைக் கண்டார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் கொப்பளித்திருந்தன. மற்ற விரல்களெல்லாம் கரி. அந்தக் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, யாருடையதையோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல உட்கார்ந்திருந்தார். "கைல என்ன?" என்று மேனேஜர் கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்றார் அண்ணியார். அதற்குமேல் பேசவில்லை. பதில் இத்தனை சுருக்கமாக வந்ததில் மேனேஜர் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

எட்டுப் பேரும் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். குட்டி கடைசித் தடத்தில். அறிவிப்பாளர் பெயர்களைச் சொன்னார். ஒருத்தி போன தடவை வெள்ளி வாங்கியவள், இன்னொருத்தி மூன்று முறை தங்கம். குட்டியின் பெயரைச் சொன்னபோது அறிவிப்பாளருக்கு நாக்கு புரளவில்லை. அண்ணியார் வழக்கம்போலக் கண்களை மூடினார். மூடியதும் பாத்திரத்துக்குள் இருந்து நாலும் ஒன்றாக வருகிற உருண்டைதான் தெரிந்தது. சட்டென்று திறந்துவிட்டார். மறுபடி மூட தைரியம் வரவில்லை.

வெடித்தது.

அண்ணியார் மைக்குகளுக்கு முன்னால் இத்தனை வருடமாகச் சொல்லிவந்ததற்கும் அங்கே நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. பாவம், கஷ்டப்பட்டுத் தள்ளுகிறவள் யாரும் அங்கே இல்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யார் மேலோ தீராத கோபம் இருப்பதுபோல, ஒருத்தி சக்கரங்களை அடி அடியென்று அடித்துக்கொண்டு போனாள். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. அறுபது மீட்டரில் இடது கை ஒருமுறை வழுக்கியது. கட்டைவிரல். அண்ணியார் தன் இடது கையைக் கொப்பளித்த வலது கையால் தானே நசுக்கிப் பிடித்துக்கொண்டார். குட்டி அடுத்த அடியை இன்னும் பலமாக அடித்தாள். அதற்கடுத்ததை அதைவிடப் பலமாக. பக்கத்துத் தடத்துச் சக்கரம் அவளுக்குச் சமமாக வந்தது, பிறகு பின்னால் போனது.

"எப்பவும் இவ இப்படித்தானா?" என்று அண்ணியார் மேனேஜரைக் கேட்டார்.

"எப்படி?"

அண்ணியார் கரி படிந்த முஷ்டியைக் காற்றில் ஒருமுறை குத்திக் காட்டினார்.

ஏழாவது. எட்டில் ஏழு. பதக்கம் வாங்கிய மூவரையும் கேமராக்கள் மொய்த்துக்கொண்டன. வீரர்கள் வெளியேறுகிற வழியில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் இவர்களுக்கென்று காத்திருந்தவர் சொந்த நாட்டிலிருந்து வந்த ஒரே ஒரு நிருபர். மேனேஜர் அவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குட்டி பந்தய நாற்காலியிலேயே, தலையெல்லாம் சொட்டச் சொட்ட, மூச்சு வாங்கியபடி வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு உங்களுக்கு?" என்றார் நிருபர்.

"ஒருத்திய முந்திட்டேன்" என்றாள் குட்டி. முகமெல்லாம் பல். "போன தடவை வெள்ளி வாங்கினவ. அவள முந்திட்டேன். எழுபது மீட்டர்ல வந்து..."

நிருபர் அதற்குள் அண்ணியார் பக்கம் திரும்பியிருந்தார். "இந்தச் சாதனைக்குப் பின்னால நீங்கதான் இருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு, இந்த முக்கியமான நாள்ல, அவங்களுக்காக நீங்க என்ன பண்ணீங்க?"

மைக் அண்ணியாரின் வாயருகே வந்தது. ஒன்பது வருடப் பேச்சும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கண்கூடக் கலங்கத் தொடங்கிவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியாது. மேனேஜருக்கு மேக்கப் என்று நினைப்பு, நிருபருக்குத் தியாகம் என்று நினைப்பு. தெரிந்த ஒருத்தி கீழே குனிந்தபடி, தலையை மட்டும் திருப்பி, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்கப் போகிற முகமாக அது இல்லை. அதுதான் அண்ணியாரால் தாங்க முடியாமல் போயிற்று.

"வெந்நீர் வச்சேன்" என்றார்.

நிருபர் காத்திருந்தார். "வெந்நீரா? அவ்வளவுதானா?"

"ரெண்டு தடவை."

குட்டி சிரித்த சிரிப்பில் பதக்கக்காரர்களைச் சுற்றி நின்ற கேமராக்காரர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது. நிருபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு, வெந்நீரைவிட உருக்கமாக எதையாவது சொல்லக்கூடிய மேனேஜரிடமே திரும்பப் போனார்.

குட்டி இடது கையுறையைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. வியர்வையில் ஊறி, மேலே ஏறிய கட்டைவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தும் அசையவில்லை. அந்தக் கையை அப்படியே அண்ணியார் முன்னால் நீட்டினாள்.

"இழுங்க அண்ணி."

அண்ணியார் மூக்கைச் சுளித்தார். சுளித்தபடியே, கரியும் பிசினும் வழிந்த அந்த முஷ்டியைக் கொப்பளித்த கையாலும் மற்ற கையாலும் சேர்த்துப் பிடித்து, தரையில் காலை அழுந்த ஊன்றிக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.